எட்டு தாத்தா, ஆறு பேரன்

பூண்டி ஏரியில் உபரிநீர் திறப்பு என்று டி.வி.யில் எழுத்து ஓட ஆரம்பித்தால், எங்கள் வடசென்னைச் சடையங்குப்பத்தில் முதலில் பரணுக்குப் போவது ரேஷன் கார்டு. அடுத்தது கேஸ் சிலிண்டர். மூன்றாவது மாமியார். 2015-லும் மூழ்கினோம், 2021-லும் மூழ்கினோம், இரண்டு தடவையும் சொந்த முயற்சியில் மேலே வந்தோம். மூழ்கப் பழக்குவது கொசஸ்தலை ஆறு. மூச்சை அடக்கப் பழக்குவது மணலி ஆலைகள். நீர்மூழ்கி மாலுமிக்கு வேண்டிய சகல தகுதியும் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அந்த உரிமையில்தான் இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கிகளைப் பற்றி வாய் திறக்கிறேன்.

ஆரம்பம் வீரமல்ல, வயிற்றெரிச்சல். 1964-ல் அமெரிக்கா தன்னிடம் இருந்த ‘டயாப்லோ’ என்ற பழைய நீர்மூழ்கியைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தது. டயாப்லோ என்றால் ஸ்பானிய மொழியில் பிசாசு. பாகிஸ்தான் அதற்கு ‘காஜி’ என்று பெயர் மாற்றி, புனிதப் போராளி ஆக்கிவிட்டது. பிசாசுக்கு இத்தனை சீக்கிரம் பதவி உயர்வு கிடைத்ததாக வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நம்மிடமோ ஒன்றுகூடக் கிடையாது. டெல்லி முதலில் லண்டன் கதவைத்தான் தட்டியது. நம் அதிகாரிகள் சிலர் அங்கேதான் பயிற்சி எடுத்திருந்தார்கள். புதுசாகவும் வேண்டும், கடனாகவும் வேண்டும் என்றதும் லண்டனுக்குக் காது மந்தமாகிவிட்டது. 1965 செப்டம்பரில் சோவியத் யூனியன் நான்கு தர ஒப்புக்கொண்டது. பிறகு இன்னும் நான்கு. ஆக எட்டு. நேட்டோக்காரர்கள் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ என்று அழைத்த டீசல் ரகம்.

கப்பல் கிடைத்தால் போதுமா, ஓட்ட ஆள் வேண்டாமா? நம் ஆட்களை விளாதிவோஸ்தோக்குக்கு அனுப்பினார்கள். ருஷ்ய வரைபடத்தில் கிழக்கே போய்க்கொண்டே இருந்து, இதற்குமேல் நிலமில்லை என்ற இடத்தில் இருக்கும் ஊர். பனிக்காலத்தில் அங்கே துறைமுகமே உறைந்துபோகும். மூழ்கக் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு முதலில் மூழ்கத் தண்ணீர் இருக்கவேண்டுமே என்ற கவலை அங்கே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. பாடமெல்லாம் ருஷ்ய மொழியில். ‘திற’ எது, ‘மூடு’ எது என்று எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் கடல் உள்ளே வந்துவிடும் தொழில் அது. ஆகவே மொழியை நன்றாகவே கற்றிருப்பார்கள். ஒரே ஆறுதல், ருஷ்யர்களிடமும் கருவாடு உண்டு. ‘வோப்லா’ என்று பெயர். பீருக்குத் தொட்டுக்கொள்வார்கள். ராயபுரத்தில் பிறந்தவன் எவனாவது அந்தக் குழுவில் இருந்திருந்தால், உலகம் ஒன்றுதான் என்று அன்றைக்கே உணர்ந்திருப்பான்.

1967 டிசம்பர் 8, ரீகா. இன்று லாட்வியாவின் தலைநகரம், அன்று சோவியத் துறைமுகம். லெனின்கிராடில் கட்டிய ஐ.என்.எஸ். கல்வரியில் நம் கொடி ஏறியது. இந்தியாவின் முதல் நீர்மூழ்கி. அதன் முதல் தலைவர் கமாண்டர் கே.எஸ். சுப்பிரமணியன். ஊர் உலகத்தில் எல்லா சுப்பிரமணியனுக்கும் மயில் வாகனம். இவருக்கு மட்டும் புலிச்சுறா. கல்வரி என்றால் புலிச்சுறா என்பதுதான் கடற்படை சொல்லும் விளக்கம். கடற்படை இன்றும் டிசம்பர் 8-ஐ நீர்மூழ்கி தினமாகக் கொண்டாடுகிறது.

1968 ஏப்ரலில் ஊருக்குக் கிளம்பினார்கள். குறுக்கு வழியான சூயஸ் கால்வாயை முந்தின வருஷத்து அரபு-இஸ்ரேல் போர் இழுத்து மூடியிருந்தது. மூழ்கக் கற்ற கையோடு வாஸ்கோ ட காமா வந்த வழியே ஆப்பிரிக்காவைச் சுற்றி, மொரீஷியஸில் இளைப்பாறி, ஜூலையில் விசாகப்பட்டினம் சேர்ந்தார்கள். அந்தத் தீவில் முருகன் கோயிலுக்கும் காவடிக்கும் குறைவில்லை. சுறா வாகனத்தில் வந்திறங்கிய சுப்பிரமணியனுக்குக் காவடி எடுத்தார்களா என்பது மட்டும் கடற்படைக் குறிப்புகளில் காணோம்.

நீர்மூழ்கிக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று பார்க்க விரும்பினால் விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போகலாம். எட்டில் ஒன்றான குர்சுரா 2002 முதல் அங்கே மணல்மேல் அருங்காட்சியகமாகப் படுத்திருக்கிறது. 91 மீட்டர் நீளம், ஏழு அறை, சுமார் 75 பேர், 22 டார்பிடோ. அறைக்கும் அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, வட்ட ஓட்டை. முதலில் ஒரு கால், அப்புறம் தலை, அப்புறம் வயிறு, கடைசியில் மிச்சக் கால். வயிற்றில் தகராறு வந்தால் மேற்கொண்டு வரலாறு பார்க்க முடியாது. டார்பிடோவுக்குப் பக்கத்திலேயே படுக்கை. ஒருவன் வேலைக்கு எழுந்தால் இன்னொருவன் அந்தச் சூட்டிலேயே படுப்பான். குளியலை மறந்துவிடவேண்டியதுதான், நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். கழிப்பறைக்கு வால்வு வரிசை உண்டு. வரிசை மாறினால் போனது போனபடியே திரும்பி வரும். எதிரியைவிட அதற்கே அதிகம் பயந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

காஜி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1971-ல் விக்ராந்த் போர்க்கப்பலைத் தேடி நம் பக்கத்துக் கடலுக்கு வந்தது. விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒதுங்கியிருக்க, கிழக்குக் கடற்படையின் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், கப்பல் விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று உளவாளிகளை நம்பவைக்க, மளிகையும் இறைச்சியும் காய்கறியுமாக ஏகத்துக்கு ஆர்டர் கொடுத்தார். கத்திரிக்காய் வாங்கி ஒரு நாட்டை ஏமாற்றிய பெருமை அவருக்கே. டிசம்பர் 3-4 இரவில் காஜி அந்தத் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. எதனால் என்பதில் இரு நாட்டுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பெயருக்கு வருவோம். கடற்படையில் பெயர் சூட்டவென்றே ஒரு குழு இருக்கிறது. நீர்மூழ்கி என்றால் வேட்டையாடும் மீனின் பெயர், இல்லாவிட்டால் கடலைக் குறிக்கும் பெயர் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அந்தக் குழு ஒருநாளாவது காசிமேட்டு மீன் சந்தைக்கு வந்து விசாரித்திருக்கலாம். நீர்மூழ்கிப் பெயர்களில் கந்தேரி என்பது மும்பைக்கு எதிரே சிவாஜி பிடித்த தீவு. கூடவே வாள்போல மூக்கு நீண்ட, பல் வைத்த மீன் என்றும் சொல்கிறார்கள். வேலா என்பது திருக்கை வகை மீனாம். நம் கரையில் அந்த வாள்மூக்கு மீனுக்குத்தான் வேளா என்று பெயர்! ஆக, நம் ஊர்க் கணக்கில் கந்தேரியும் வேலாவும் ஒரே மீன், இரண்டு கப்பல். விலங்கியல்காரர்கள் வந்து குழுவைக் காப்பாற்றுகிறார்கள்: வேளாவும் திருக்கைக்கு உறவுதானாம். இதில் இன்னொரு சங்கடம். வேளா அழியும் நிலையில் இருப்பதால் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எண்ணூர்க்காரர் வலையில் ஒன்று விழுந்தால் கேஸ். கடற்படை இரண்டு வைத்திருக்கிறது. வாக்‌ஷீர் என்பது மணல் மீன், ஆழ்கடல் வேட்டைக்காரன் என்று விளக்கம் தந்தார்கள். இதைக் காசிமேட்டில் சொன்னால், “மணல்ல கெடக்கிற மீனா? கெழங்காவா? அது கொழந்த பெத்தவளுக்குக் கொழம்பு வெக்கிற மீனாச்சே நைனா” என்பார்கள்.

கப்பலுக்குச் சாவில்லை என்பது கடற்படையின் நம்பிக்கை. பழசு ஓய்வு பெற்றால் அதன் பெயர் புதுசுக்குப் போகும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வீட்டு வழக்கமேதான். 1996 மே 31-ல் பழைய கல்வரி ஓய்வு பெற்றது. பேரன் 2017 டிசம்பர் 14-ல் மும்பையில் கடற்படைக்கு வந்தான். பிரெஞ்சு ஸ்கார்ப்பீன் ரகம். ஒப்பந்தம் போட்டது 2005-ல். நெடுநாள் பிரசவம். பிறக்கும் முன்பே, 2016-ல், ஜாதகம் ஊர் சுற்றிவிட்டது: ஸ்கார்ப்பீன் பற்றிய 22,400 பக்க ரகசியக் காகிதங்கள் கசிந்து ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்றின் கையில் போய்ச் சேர்ந்தன. பிள்ளை பிறந்த பிறகோ பல் முளைக்கவில்லை. ‘பிளாக் ஷார்க்’ என்ற டார்பிடோ வாங்குவதாக இருந்தது. ஹெலிகாப்டர் ஊழல் விவகாரத்தில் அதைத் தயாரிக்கும் கம்பெனியின் தாய் நிறுவனம் சிக்க, அதுவும் நின்றுபோனது. புலிச்சுறா பழைய டார்பிடோவோடுதான் கடலுக்குப் போனது.

ஆனால் 2021 மார்ச்சில் புதிய கரஞ்ச் வந்த அன்று நடந்ததைக் கிண்டல் செய்ய எனக்கே மனமில்லை. தலைமை விருந்தினர் அட்மிரல் வி.எஸ். ஷெகாவத். 1969-ல் பழைய கரஞ்சின் முதல் குழுவில் இருந்தவர், 1971 போரில் அதற்கே தலைவர், பிறகு கடற்படைக்கே தளபதி. தாத்தாவோடு குடித்தனம் பண்ணியவர் பேரனின் பெயர் சூட்டு விழாவுக்கு வந்து நின்றார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தாத்தாக்கள்: கல்வரி, கந்தேரி, கரஞ்ச், குர்சுரா, வேலா, வாகிர், வாக்லி, வாக்‌ஷீர். பேரன்கள்: கல்வரி, கந்தேரி, கரஞ்ச், வேலா, வாகிர், 2025 ஜனவரியில் வந்த வாக்‌ஷீர். குர்சுராவுக்குப் பேரன் இல்லாவிட்டாலும் விசாகப்பட்டினத்தில் சொந்த வீடு இருக்கிறது, டிக்கெட் வசூல் இருக்கிறது. பேரனும் இல்லாமல் வீடும் இல்லாமல் விடுபட்டது வாக்லி ஒன்றுதான். அது எங்கே வந்து சேர்ந்தது? வேறெங்கே, சென்னைக்குத்தான்.

1974 ஆகஸ்டில் பணியேற்று 2010 டிசம்பரில் ஓய்வு பெற்ற வாக்லி, எட்டில் கடைசியாக விடைபெற்றது. மாமல்லபுரத்தில் அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று தமிழக அரசு கேட்டு வாங்கியது. இழுத்து வந்து சென்னைத் துறைமுகத்தில் கட்டினார்கள். கட்டியது கட்டியபடி கிடந்தது. நிலக்கரி, கச்சா எண்ணெய், சாம்பல், கன்டெய்னர் என்று எங்கே வைப்பது என்று தெரியாததெல்லாம் எங்கள் பக்கம் வந்து நிற்பது வழக்கம். அந்த வரிசையில் ஒரு நீர்மூழ்கியும். முப்பத்தாறு வருஷம் கடலுக்கடியில் போய்ப் போய்த் தவறாமல் மேலே வந்த கப்பல், கடைசியில் ஒரு கோப்புக்குள் மூழ்கியது. அதிலிருந்து மேலே வரும் வால்வை ருஷ்யர்கள் வைத்திருக்கவில்லை. அருங்காட்சியகம் வரவே இல்லை.

இன்னும் ஆறு நீர்மூழ்கிகள் வாங்கும் பேச்சு பல வருஷமாக நடக்கிறது. பெயர்க் குழுவுக்குச் சடையங்குப்பம் சார்பில் ஒரு மனு: முதல் பெயர் வாக்லிக்கு. மீதி ஐந்துக்கு காசிமேட்டு ஏலக்கடையில் கேளுங்கள்; சீலா இருக்கிறது, நன்றாகக் கடிக்கும். வஞ்சிரம் மட்டும் வேண்டாம். ஐ.என்.எஸ். வஞ்சிரம் என்று அறிவித்த மறுநாளே விலையை ஏற்றிவிடுவார்கள்.