ஓவனா, ஓவனா?

ஊரில் பிள்ளை பிறக்கும்வரை ஆணா பெண்ணா என்று டாக்டர் வாயைத் திறக்கக் கூடாது. 1994-ல் வந்த சட்டம். அது வந்த காரணம் வேறு, பெரியது. ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டையையும் அது நாலு மாதம் தள்ளிப்போடுகிறது என்பது ஷார்ஜாவில்தான் எனக்குத் தெரிந்தது. இங்கே ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே “பையன்” என்று சொல்லிச் சிரித்துவிட்டார்கள். அன்று ராத்திரியே ஆரம்பித்தது.

நான் அகிலன் என்றேன். அவள் முகிலன் என்றாள். ‘கிலன்’ வரைக்கும் இரு தரப்பும் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டோம். தகராறெல்லாம் முதல் எழுத்தில்தான்.

என் கட்சிக்கு இலக்கிய பலம் இருந்தது. ‘சித்திரப்பாவை’க்காக 1975-ன் ஞானபீடம் வாங்கிய அகிலன் என் அப்பாவுக்குக் குலதெய்வம் மாதிரி. “அவர் நிஜப் பேரு அகிலாண்டம். அவரே வெட்டித்தான் வச்சுக்கிட்டாரு” என்றாள் மனைவி. எங்கே படித்தாளோ!

அவள் கட்சிக்கு இயற்கையின் பலம். பாலைவனத்தில் பிறக்கப்போகிற பிள்ளைக்கு மேகத்தின் பெயர், எவ்வளவு குளிர்ச்சி என்றாள். நானும் கொஞ்சம் இளகியிருந்தேன். அந்த நேரம் பார்த்து 2024 ஏப்ரல் 16 வந்தது. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளில் 254.8 மில்லிமீட்டர். 1949-லிருந்து கணக்கு எழுதி வருகிறார்கள், அதில் இப்படி ஒரு மழை இல்லையாம். அபு ஷகாராவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே நின்ற என் நிசான் சன்னி, தவணை முடிய ஏழு மாதம் பாக்கி இருக்கும்போதே, கண்ணாடி வரை தண்ணீரில் இறங்கிவிட்டது. மூன்று நாள் பால்கனியிலிருந்து அதன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள், முகிலன் என்கிற பேச்சே இந்த வீட்டில் கூடாது என்றேன்.

ஜெயித்த தெம்பில் ஆபீஸில் போய்ச் சொன்னேன். பக்கத்து மேஜை சிரியாக்காரர் கண்களைச் சுருக்கினார். “ஆகிலன்? அரபியில் அது தின்கிறவன் இல்லையா?” கொஞ்சம் பொறுத்து அவரே ஆறுதலும் சொன்னார்: அகரத்தையும் ககரத்தையும் அடித்தொண்டையிலிருந்து எடுத்துச் சொன்னால் அறிவாளி ஆகிவிடுமாம். அந்தக் ககரத்துக்குப் பெயர் காஃப். தின்கிறவனுக்கு வருகிற ககரத்துக்கு? அதுவும் காஃப்தான். அவர் இரண்டையும் ஐந்து முறை சொல்லிக் காட்டினார். என் காதில் பத்து காஃப் விழுந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அயர்லாந்துக்காரர் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவர் மனைவிக்கும் அப்போது ஆறு மாதம், அங்கேயும் பையன். இரண்டு பெயரில் எதை வைப்பது என்று வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டதாம்.

“என்னென்ன பெயர்?”

“ஓவன் அல்லது ஓவன்.”

எனக்குத்தான் காது போய்விட்டது என்று நினைத்தேன். அவர் டிஷ்யூ பேப்பரில் எழுதிக் காட்டினார். ஒன்று இ-ஓ-ஐ-என். அவர்கள் ஊர் ஜான். இன்னொன்று இ-ஓ-ஜி-எச்-ஏ-என். அது பழைய ஐரிஷ் பெயர். நடுவே இருக்கிற ஜியும் எச்சும் கல்யாண வீட்டு மூத்த மாமாக்கள் மாதிரி. வேலை கிடையாது, ஆனால் இல்லாவிட்டால் குற்றம். மனைவி டைரோன் மாவட்டத்துக்காரர். அந்த ஊர்ப் பெயருக்கே ஐரிஷ் மொழியில் ‘ஓவனின் நிலம்’ என்றுதான் அர்த்தமாம், நீள ஓவன். விட்டுக்கொடுப்பாரா? இவருக்குத் தாத்தா பெயர், குட்டை ஓவன்.

“கூப்பிடும்போது ரெண்டும் ஒண்ணுதானே?” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ழகரத்துக்கும் லகரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டவனை நான் பார்க்கிற பார்வை இருந்தது.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். இங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, போட்டிம்தான். கும்பகோணத்துக்கும் ஷார்ஜாவுக்கும் நடுவே குரல் விட்டுவிட்டு வந்தது. “ஓவனா? அதான் வீட்ல ஒண்ணு வாங்கி வச்சிருக்கியேடா, கேக் கூட சுட மாட்டேங்குறா.” போனைப் பிடித்துக்கொண்டிருந்தது என் மனைவி. அதற்கு மேல் அந்த உரையாடலை எழுதுவதற்கில்லை. வைப்பதற்கு முன்னால் அம்மா இன்னொன்றும் சொன்னார். எந்தப் பெயராக இருந்தாலும் இங்கிலீஷில் ஒரு ‘ஏ’ கூடப் போட்டுவிட வேண்டுமாம், ஜோசியர் கூட்டிப் பார்த்துவிட்டாராம்.

இத்தனை பாடும் எதற்கு என்றும் சில சமயம் தோன்றும். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் சுற்றுலா விசாவில் அமீரகத்துக்குள் வர முடியாது என்று அறிவித்தார்கள். இனிஷியலை நம்பிப் பிறந்த நம் ஜனங்கள் அப்பா பெயரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அதற்கு வெகு முன்பே குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவைப் போட்டவன். விளைவு, பதினோரு வருடமாக ஆபீஸில், பேங்கில், ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் நான் மிஸ்டர் கோவிந்தராஜன். ரவிக்குமார் என்று ஒருத்தன் இந்த நாட்டில் இறங்கியதாகவே யாருக்கும் தெரியாது. இன்க்ரிமென்ட் கடிதம் கூட அப்பாவுக்குத்தான் வந்தது. ஊரில் அவர் ரிட்டயர் ஆகி ஒன்பது வருடம் ஆகிறது.

ஜூலையில் பையன் பிறந்தான். முதல் வாரம் முழுக்கப் பால், தூக்கம், பால். மூன்றாம் ஜாமத்தில் நாலாவது முறையாக எழுந்த மனைவி, இருட்டில் தலையைக் கட்டிக்கொண்டே, “அந்த சிரியாக்காரர் சரியாத்தான் சொல்லியிருக்காரு. அகிலன்னே போடுங்க” என்றாள். விண்ணப்பம் டைப் செய்த கோழிக்கோட்டுச் சேட்டன் “எந்த காஃப்?” என்று கேட்டார். தெரிந்தவன் போல “தொண்டை காஃப்” என்றேன். என்ன போட்டாரோ.

ஆகஸ்டில் அயர்லாந்துக்காரர் ஆபீஸுக்கு சாக்லேட் கொண்டுவந்தார். “ஓவன்!” என்றார், முகமெல்லாம் பல்லாக. கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். எந்த ஓவன் என்று கேட்கவில்லை.

இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் போனோம். கூட்டம். நர்ஸ் கதவைத் திறந்து, “மிஸ்டர் ரவிக்குமார்!” என்று கூப்பிட்டார். பதினோரு வருடத்தில் முதல் முறை. உடம்பு சிலிர்த்துவிட்டது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனேன்.

“நீங்க இல்ல சார்,” என்றார் நர்ஸ். “பாப்பா.”