ஈய மலை அதிபர்

பொன் சேர்ப்பவர், பூமி சேர்ப்பவர், புண்ணியம் சேர்ப்பவர், பகை சேர்ப்பவர் என்று சம்பாத்தியக்காரர்களில் பல ஜாதி உண்டு. ஆனால் ஐம்பது வயதைக் கடந்து, தலையில் வழுக்கையும் மூக்கில் இரட்டைக் கண்ணாடியும் தரித்து, வீட்டுக் கடன் தவணையைத் தவறாமல் செலுத்தி, அண்டை வீட்டாரால் யோக்கியர் என்று மதிக்கப்படும் ஒரு கனவான், கட்டைவிரல் உயரமே உள்ள ஈயப் பூதங்களைச் சேர்ப்பதற்கென்றே ஆயுளின் பிற்பாதியை அர்ப்பணித்திருக்கும் அதிசயத்தைக் காண விரும்புகிறவர், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நாட்டிங்ஹாம் ஜில்லாவுக்குத்தான் போக வேண்டும்.

இந்தப் பூதங்களுக்கு ஸ்தல புராணம் உண்டு. அமெரிக்காவில் 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு பிறந்து, மந்திரவாதிகளையும் ராட்சசர்களையும் மேஜைமேல் நடமாட விட்டது. மறு வருஷமே லண்டனில் மூன்று இளைஞர்கள் ‘கேம்ஸ் வொர்க்‌ஷாப்’ கம்பெனியை ஆரம்பித்தார்கள். அவர்களுடைய ஆதரவோடு பிரையன் ஆன்செல் என்பவர், நியூவார்க் என்ற சிற்றூரில், ‘சிட்டடல்’ என்ற பெயரில் ஈயத்தை உருக்கிப் பொம்மை வார்க்கத் தொடங்கினார். 1983இல் ‘வார்ஹாமர்’ என்ற யுத்த விளையாட்டு வெளிவந்ததும் பையன்களின் கைச்செலவுக் காசெல்லாம் அந்தத் திசையிலேயே ஓடிற்று. பிற்பாடு அந்தப் பட்டறை சில காலம் ஈஸ்ட்வுட் என்ற ஊரிலும் நடந்தது. நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ் 1885இல் பிறந்த ஊர் அதுதான். ஆயினும் நம் கனவான் அவ்வூரின் பெயரைக் கேட்டுக் கண் பனிப்பது லாரன்ஸை நினைத்து அல்ல.

ஆசாரத்தில் இவர் வெகு கண்டிப்பானவர். பொம்மை ஈயத்தில் வார்த்ததாக இருக்க வேண்டும். ஈயம் கலவாத வெள்ளை உலோகத்தை முகம் சுளித்துச் சகித்துக்கொள்வார். பிளாஸ்டிக் என்ற சொல்லைச் சாப்பிடும்போது அவர் காதில் போடக் கூடாது. 1980களின் நடுவில், காலடியில் ஒரு பட்டை வைத்து வார்த்து, அதைத் தனியே ஒரு பிளாஸ்டிக் பீடத்தின் பிளவில் செருகும் முறை வந்ததே, அதற்கு முந்திய பொம்மையா பிந்திய பொம்மையா என்பது, இவரும் இவருடைய சகாக்களும் நள்ளிரவுவரை வாதிக்கத் தயாராயிருக்கும் விஷயம். மூக்கும் பல்லும் துருத்திய ‘கோப்ளின்’ என்னும் குட்டிச்சாத்தான் ஒன்றை நீட்டினால், அது கெவ் ஆடம்ஸ் கைவண்ணமா, பெர்ரி இரட்டையர் செய்ததா என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவார். எதிர்வீட்டுக்காரரின் பெயர் மட்டும் அவருக்கு இன்னும் ஞாபகத்தில் தங்கியபாடில்லை.

ஏலத்தில் வாங்குவது இவருடைய வேட்டை. எல்லாம் தெரிந்த வியாபாரியை இவருக்குப் பிடிக்காது. பரண்மேல் கிடந்த பெட்டியை, ‘பழைய பொம்மைகள், சில உடைந்தவை’ என்று ஒரே வரி எழுதி, மங்கலான படம் ஒன்றோடு விற்க வரும் அப்பாவியைத்தான் இவர் தேடுகிறார். அந்தப் படத்தை, சம்பந்தம் பேச வந்த இடத்தில் பெண்ணின் நடையையும் நகையையும் ஒருசேர அளக்கும் மாமியாரைப் போலப் பெரிதாக்கியும் சாய்த்தும் பார்த்து, பின்வரிசையில் தெரியும் அரைக் காதை ஆதாரமாகக் கொண்டு, தாம் முப்பது வருஷங்களாகத் தேடிய, ‘ஓர்க்’ என்னும் அரக்க ஜாதித் தளபதி அங்கேதான் ஒளிந்திருக்கிறான் என்று தீர்மானித்து, ஏலம் முடிவதற்குச் சில விநாடி இருக்கையில் தொகையைப் போட்டுவிட்டு, மனைவி அறைக்குள் வரவும் வானிலை அறிக்கையை வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

வந்த பொம்மைமேல், எந்தக் காலத்துச் சிறுவனோ பூசிய எனாமல் வர்ணம் பாகுபோல் படிந்திருக்கும். அதைக் களைவதற்கு டெட்டால் உத்தமமானது என்பது இச்சம்பிரதாயத்தில் ஒரு ரகசிய உபதேசம். பொம்மைகளை அதில் ஊறவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அலசுவதும் டெட்டாலிலேயே நடக்க வேண்டும், அவசரப்பட்டுத் தண்ணீர் பட்டால் வர்ணம் பிசினாகி விரலை விடாது. இதனால் மாதம் இருமுறை வீடு முழுவதும் ஆஸ்பத்திரி வாசனை கமழ்கிறது. பல் துலக்கும் பிரஷ் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற பிரச்னையில் அக்குடும்பம் ஒருமுறை பிளவுபடும் கட்டத்துக்கே போய்விட்டது.

பிறகு வர்ணம் தீட்டும் படலம். விக்டோரியா மகாராணி விரும்பிய அளவில் உயர்ந்த தூரிகை வேண்டுமென்று 1866இல் வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி உண்டாக்கிய ‘சீரீஸ் 7’ வரிசையில்தான் இவர் தூரிகை வாங்குகிறார். சைபீரிய வீசல் என்னும் சிறு பிராணியின் வால்மயிரால் ஆன அந்த ராஜாங்கத் தூரிகை, ஒரு குட்டிச்சாத்தானின் மூக்கு மருவில் மஞ்சள் புள்ளி வைக்கும் பணிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முதலில் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் மெல்லிய வர்ணங்கள், பள்ளங்களில் தங்குவதற்கு நீர்த்த மை, மேடுகளில் வெளிச்சம், கடைசியில் கண்மணி. அந்தக் கண்மணியை வைக்கும் தருணத்தில் இவர் மூச்சை அடக்கிவிடுவார். தெருவில் லாரி போனால் அதன் டிரைவரை மூன்று தலைமுறைக்குச் சபிப்பார். கூரையில் நாலு வருஷமாக ஒழுகும் ஓட்டை இவருடைய கண்ணுக்குத் தென்படவில்லை. ராட்சசன் இடுப்புவாரின் கொக்கியில் விட்டுப்போன நிழல் இவரை இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிறது.

முடிந்த பொம்மைகளைக் கௌரவமாக வைக்க வேண்டுமென்று, மாமனார் வழியில் வந்த ஓக் மர அலமாரியைக் காலிசெய்து வைத்தார். ஓக் மரம் மெல்ல மெல்ல அமில ஆவியை விடும். மூடிய அலமாரியில் அது ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அருங்காட்சியகத்தார் அனைவரும் அறிந்த இந்த உண்மை நம்மவருக்குத் தெரியவந்த அன்று மாலையே பரம்பரைச் சொத்தான அலமாரி தெருவுக்குப் போயிற்று. இரும்பும் கண்ணாடியும் கொண்ட பெட்டி உள்ளே வந்தது. மாமியார் அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

யாராவது இதைச் சிறுபிள்ளைத்தனம் என்றால், எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இலேயே பொம்மைச் சிப்பாய் யுத்தத்துக்கு விதி வகுத்துப் புஸ்தகம் போட்டிருக்கிறார் என்று வாயை அடைப்பார். நியூவார்க்குக்கு அருகே ஈஸ்ட் ஸ்டோக்கில் ஆன்செலின் மாளிகையில் இவருடைய கூட்டத்தார் கூடிய நாட்களைப் பற்றியும் உருக்கமாகச் சொல்லுவார். 1487இல் ராஜ வம்சத்தாரின் சண்டையில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட மண் அது. அங்கே இக்கனவான்கள் பகடை உருட்டி மாலைவரை போர் புரிந்து, தோற்றவரே ஜெயித்தவருக்குத் தேநீர் எடுத்துவந்து கொடுத்தார்கள்.

“வர்ணம் பூசாதது இன்னும் எத்தனை பாக்கி?” என்று அம்மையார் கேட்கும் கேள்விக்கு மட்டும் இவரிடம் நேரான விடை கிடையாது. பூசாமல் குவிந்து கிடப்பதற்கு இச்சம்பிரதாயத்தார் ‘ஈய மலை’ என்று பெயரிட்டு, அது தீரும்வரை உடையவருக்கு மரணமில்லை என்று பாதி வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. மற்றப் பாதியை இவர் மெய்யாகவே நம்புகிறார். ஆகையால் ஒன்றைத் தீட்டி முடித்தால் மூன்றை வாங்கிவிடுகிறார்.

சென்ற மாரிக்காலத்தில் விபரீதம் ஒன்று நேர்ந்தது. பழைய விலைப்பட்டியலில் இருந்த ஓர்க் வரிசை ஒன்று இவரிடம் முழுமையாகச் சேர்ந்துவிட்டது. சகாக்கள் வாழ்த்தினார்கள், இவருக்கோ இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், சுழலும் ரப்பர் அச்சுகள் தேய்ந்தபோது புதிது செய்வது வழக்கமாகையால் ஒரே பொம்மை சிறு பேதங்களோடு வந்திருக்கவும் கூடும் என்ற ஞானம் உதித்தது, பூதக்கண்ணாடியை எடுத்தார், ஏழாவது ஓர்க்கின் அரிவாளில் இருந்த ஒரு நெளிவு பட்டியல் படத்தில் இல்லை என்று கண்டுபிடித்தார். அப்படியானால் நெளிவில்லாத ஓர்க் ஒருவன் உலகில் எங்கோ இருக்கத்தான் வேண்டும். அன்றிரவு அவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டதாக அம்மையாரே சொன்னார்.