விடுதி நிர்வாகச் சமுகத்துக்கு ஒரு முட்டைத் திருடனின் விண்ணப்பம்



சென்ற வியாழக்கிழமை இரவு தாங்கள் பரிவாரங்களோடு எழுந்தருளி நடத்திய அறைச் சோதனையில், என் மேஜையடியில் கொதித்துக்கொண்டிருந்த எலக்ட்ரிக் கெட்டிலையும் அதனுள் தலைமறைவாயிருந்த மூன்று முட்டைகளையும் கைப்பற்றி, தாழ்வாரத்தில் சக மாணவர் அனைவரும் காண உயர்த்திப் பிடித்து, மறுநாள் காலையே 'மின்சாரத் திருட்டு, அபராதம் ரூ. 500' என்று என் பெயரை அறிவிப்புப் பலகையில் ஏற்றி, அதற்குப் பக்கத்திலேயே 'மாணவர் வாழ்வில் சிக்கனம்' என்னும் பிரசங்கத்துக்குக் கட்டாய அழைப்பையும் ஒட்டச் செய்த தங்கள் ரசனையை எங்ஙனம் புகழ்வதென்று தெரியாமல் திகைக்கிறேன். பிரெஞ்சு கவர்னர் டூப்ளே துரையிடம் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை இப்புதுச்சேரிச் சங்கதிகளை நாட்குறிப்பாக எழுதிவைத்தாரே, அம்மகான் இன்றிருந்தால், கப்பல் வந்ததையும் கோட்டை முற்றுகையையும் பதிந்த அதே பேனாவால் இம்மூன்று முட்டைகள் சிறைப்பட்ட வைபவத்தையும் பதிந்திருப்பார். அவர் இல்லாத குறையை என் செலவுக் கணக்கு நோட்டு தீர்க்கிறது.

ஆயிரத்தைந்நூறு வாட் கெட்டில் எட்டு நிமிஷம் கொதித்தால் ஒரு யூனிட்டில் ஐந்திலொரு பங்கு செலவாகும். அதன் கிரயம் இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். அதற்கு ஐந்நூறு ரூபாய் தண்டம் விதித்த சாமர்த்தியத்தைக் கேள்விப்பட்டால், கந்துவட்டிக்காரர்களும் தங்களிடம் பாடங் கேட்க வரிசையில் நிற்பார்கள். தீ விபத்து நேரும் என்று சொல்லியிருந்தால் தலைவணங்கியிருப்பேன். திருட்டு என்றீர்கள்.

போகட்டும், தங்கள் 'டிவைடிங் சிஸ்டம்' பற்றியல்லவா பாட வந்தேன்! மாதத்து மொத்தச் செலவைத் தலைக்கணக்கில் வகுக்கும் இத்தர்மத்தில், சாப்பிடாதவன் சாப்பிட்டவனுக்கு உபயம் செய்யும் புண்ணியம் தானாகவே கிட்டுகிறது. முன்கூட்டி எழுதிக்கொடுக்காதவனுக்கு சாப்பிடாத நாட்களுக்கான 'மெஸ் கட்' கழிவு கிடையாதாகையால், இறக்கும் நாளை அறிவிக்கத் தவறிய என் பாட்டியின் அஜாக்கிரதைக்கும் நானே பணம் கட்டினேன். காரியத்துக்குப் போய்வந்தவனிடம் அந்தக் காசை வாங்க எப்படி ஐயா மனம் வந்தது?

மன்னிக்கவும், கருணைக் கடல்களே. சிக்கனம் எனக்குப் புதிதன்று. பத்திரிகைக்கு ரொமேன் ரோலான் நூலகம், சட்டைக்கு மகாத்மா காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தை, பொழுதுபோக்குக்கு மாலையில் வண்டிகளை விலக்கிவிடும் கடற்கரைச் சாலையின் காசில்லாக் காற்று. பெட்ரோலும் மதுவும் மலிவென்று கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் எல்லை தாண்டி வருகிறார்கள். வண்டியுமின்றிக் குடியுமின்றி மூன்று முட்டைகளை நம்பி வாழும் பிரஜைக்கு இப்பிரதேசத்தில் எது மலிவென்று யாராவது சொன்னால் தேவலை. அந்த மூன்று முட்டைகளும், தங்கள் மெஸ்ஸின் இரவுச் சாம்பாரில் பருப்பைத் தேடிக் களைத்தபின் நான் அடைந்த சரணாகதியே என்பதை இங்கே விநயமாகக் குறிப்பிட வேண்டும்.

எதற்கு எவ்வளவு வரி என்று யோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஜிஎஸ்டி கவுன்சில்கூட 2024 ஜூனில் மனமிரங்கி, தொண்ணூறு நாட்களுக்குக் குறையாமல் தங்குவோரின் விடுதி வாடகை மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாதவரை வரி வேண்டாமென்று சிபாரிசு செய்தது. தாங்களோ அதே ஆண்டில் 'எஸ்டாபிளிஷ்மென்ட்' கட்டணத்தை உயர்த்தி, எங்களைத் துறவறத்துக்கு மேலும் ஒரு படி அருகில் கொண்டுசேர்த்தீர்கள்.

அபராதத்தைக் கட்டிவிட்டேன், ரசீது இன்னும் வரவில்லை. முட்டைகளைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் எத்தனை தலைக்கு வகுத்தீர்கள் என்றும் கேட்கமாட்டேன். நான் வேண்டுவது ஒன்றே: என் பெயரை ஒட்டிய அதே பலகையில், அரிசிக்கு எவ்வளவு, பருப்புக்கு எவ்வளவு, எரிவாயுவுக்கு எவ்வளவு, எத்தனை பேருக்கு வகுத்தது என்ற மெஸ் கணக்கை மாதந்தோறும், பில்லுகளின் நகலோடு ஒட்டுங்கள்.