எழுபதுக்கு முப்பத்தாறு

எங்கள் கறுப்பனுக்கு நான் போட்ட மார்க்கு 70-க்கு 36. நேர்மையாகத் திருத்தியிருந்தால் இருபதுகூடத் தேறாது.

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் வகுத்த அளவுகோல் அது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா என்று ஏழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து. 35-க்கு மேல் என்றால் தொடர்ந்து பராமரிக்கலாம். கீழே போனால் விடைகொடுப்பதை யோசிக்க வேண்டும். பாறசாலைப் பக்கம் தமிழ் வாத்தியாராகவே காலம் கழித்தவன் கையில் 35 என்ற எண்ணைக் கொடுக்கலாமா? மாடரேஷன் போட்டுப் பழகிய கை. வாலை ஒருமுறை அசைத்தான், மகிழ்ச்சிக்கு 8. அசைத்தது ஈ விரட்ட. எழுந்து நின்றான், நடமாட்டத்துக்கு 6. நிறுத்திப் பிடித்திருந்தது நான்.

சிறுநீரகக் கோளாறு. நாய்க்குச் சிறுநீரகம் முக்கால்வாசி பழுதான பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். அதற்கு முன்பே நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும். நான் வெயில் காலம் என்று நினைத்துத் தண்ணீர்ச் சட்டியைப் பெரிதாக மாற்றிவைத்தேன். 1.4-க்குள் இருக்க வேண்டிய கிரியாட்டினின் 5-ஐத் தாண்டினால் கடைசி நிலை. கறுப்பனுக்கு 7. மெஷின் சரியில்லாமல் இருக்கும் என்று எல்லை தாண்டி மார்த்தாண்டத்தில் மறுபடியும் பரிசோதித்தேன். தமிழ்நாட்டில் 7.4 ஆகிவிட்டது.

டாக்டரம்மா இரண்டு வழியையும் சொன்னார். தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் ஏற்றலாம், வாந்திக்கு மருந்து, புரதமும் பாஸ்பரசும் குறைத்த சாப்பாடு. நாள் கொஞ்சம் கிடைக்கும், சிறுநீரகம் திரும்பக் கிடைக்காது. இல்லையென்றால் தூங்க ஒரு ஊசி, அதன் மேல் மயக்க மருந்தையே அளவுக்கு மீறி. சில நிமிடம்தான். “ஆலோசிச்சுப் பறயணும், சாரே.”

நான் ஆலோசிக்கவில்லை, செலவழித்தேன். துணி காயும் கொடியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, பிடரித் தோலைத் தூக்கி ஊசி செருகக் கற்றுக்கொண்டேன். ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்து, மருந்து முழுக்க என் வேட்டியில் இறங்கியது. ஒன்றும் தின்னாமல் கிடந்தவனுக்குச் சாளைக் கறியில் மரச்சீனி பிசைந்து நீட்டினேன், பாஸ்பரஸ் விதியெல்லாம் தெரிந்தே. ஒரு உருண்டை இறங்கியது. பசிக்கு 9. பின்னால் கக்கியதற்கு எந்தத் தலைப்பிலும் இடமில்லை என்று விட்டுவிட்டேன்.

மனைவி நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். “மார்க்கு நாய்க்குப் போடுதியளா, ஒங்களுக்குப் போடுதியளா?”

களியக்காவிளை டீக்கடையில் மட்டும் நான் வேறு ஆள். தீராத நோய் கண்ட தெருநாய்களைக் கருணைக்கொலை செய்யலாம் என்று 2025 ஜூலையில் கேரள அரசு சொன்னதும், அந்த மாதமே உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் அங்கே சூடான பேச்சு. சாகக் கிடக்கிற சீவனை இழுத்தடிப்பதுதான் பாவம் என்று நான் மேசையைத் தட்டினேன். காந்தியையும் கூட்டிவந்தேன். 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் வேதனையில் துடித்த கன்று ஒன்றை, பிழைக்காது என்று தெரிந்தபின் ஊசி போட்டு முடிக்கச் சொன்னவர் அவர். அகிம்சைக்காரர் செய்கிற காரியமா என்று வந்த வசவுகளுக்குத் தன் பத்திரிகையிலேயே பதிலும் எழுதினார். மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து 1947-ல் காந்திகிராமம் தொடங்கிய ஜி. ராமச்சந்திரன் நம்ம நெய்யாற்றின்கரைக்காரர்தான் என்று, சம்பந்தமே இல்லாமல், ஒரு கூடுதல் தகவலும் கொடுத்தேன்.

“அதிரிக்கட்டு. ஒம்ம நாய்க்கு எப்பிடி இருக்கு, சாரே?” என்றார் ஒரு பெரியவர்.

பஸ் வந்துவிட்டது என்று எழுந்தேன். வரவில்லை.

சட்டமாவது கைகொடுக்குமா என்று விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ‘கூடாது’ என்று ஒரு வரி இருந்தால் போதும், பழி சர்க்கார் தலையில். 1960-ல் வந்த சட்டம். அதன் 13-ஆம் பிரிவில், உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகிவிட்ட பிராணியை முடித்துவிட உத்தரவிடும் அதிகாரம் எழுதியிருக்கிறது. அதற்குமேல் படிக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டது மனைவி. ஒப்புதல் தாளில் நாயின் உடைமையாளர் கையெழுத்திட வேண்டும். கண்ணாடியைக் காணவில்லை என்று உள்ளே போய்த் தேடினேன். சட்டைப் பையில்தான் இருந்தது. கையெழுத்தும் அவளே போட்டாள், தலையை மடியில் பிடித்துக்கொண்டதும் அவளே. நான் ரப்பர் விளையில் நின்று குழிக்கு ஆழம் காணுமா என்று மேற்பார்வை செய்தேன்.

கேட்கிறவர்களிடம் “டாக்டர் சொல்லியாச்சு, வேற வழியில்ல” என்றுதான் சொல்லிவருகிறேன். டாக்டரம்மா கிளம்பும்போது சொன்னது, “கொஞ்சம் நேரத்தே விளிச்சிருக்கலாம், சாரே.”

ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன்.