எச்சரிக்கை மறுப்பியல்: சாலையோரத் தருக்கம் குறித்த ஓர் ஆய்வு

போக்குவரத்துக் காவலர் ஒருவர் இளம் வாகன ஓட்டி ஒருவரை ஓரங்கட்டச் சொல்லி, அவர் செய்த பிழையை எடுத்துரைத்து, அபராதம் ஏதும் விதிக்காமல் "இந்த ஒரு தடவை விடுறேன், போ" என்று அனுப்பிவைப்பது இக்கட்டுரையில் எச்சரிக்கை எனப்படும். அவ்வாறு விடப்பட்டவர் புறப்பட்டுச் செல்லாமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?" என்று தொடங்கி நிகழ்த்தும் வாதம் எச்சரிக்கை மறுப்பு எனப்படும். கல்லூரிப் பருவத்தினரிடமே இம்மறுப்பு செழித்துக் காணப்படுகிறது. அப்பருவத்தைக் கடந்தவர்கள், குறிப்பாக அலுவலகத்தில் விரல் ரேகை பதிக்கும் நேரம் நெருங்கிவிட்டவர்கள், எச்சரிக்கை கிடைத்த கணமே நன்றி சொல்லி மறைந்துவிடுவதால் ஆய்வுக்கு எந்தச் சான்றையும் விட்டுச்செல்வதில்லை.

எச்சரிக்கையின் சட்ட நிலை முதலில் ஆராயத்தக்கது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அபராதம், சிறை, உரிமத்தை நிறுத்திவைத்தல், பதிவை ரத்துசெய்தல் ஆகியவற்றை விரிவாகப் பேசுகிறதேயன்றி, முறைத்துப் பார்த்து அனுப்புதல் என்றொரு தண்டனையை அதில் காண முடியாது. ஹெல்மெட் அணியாதவருக்கு 194-டி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதமும் மூன்று மாதத்துக்கு உரிமத் தடையும் உண்டு. ஒரே இருசக்கர வாகனத்தில் மூவர் செல்வதற்கு, அதாவது மக்கள் ட்ரிபிள்ஸ் என்று வழங்குவதற்கு, 194-சி பிரிவு அதே அளவைக் குறிக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட இத்தொகைகளைத் தமிழ்நாடு உடனே ஏற்காமல் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அபராதம் விதிக்கப்பட்டால் சலான் வருகிறது, சலானுக்கு எண் இருக்கிறது, கட்டித் தீர்க்கலாம் அல்லது நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடலாம். எச்சரிக்கைக்கோ எண் இல்லை, தாள் இல்லை, மேல்முறையீடு இல்லை. நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாத வழக்கை அதே இடத்தில், அதே நீதிபதியிடம், வெயிலில் நின்று நடத்த வேண்டியதாகிறது என்பதே மறுப்பியல் தோன்றியதற்கான வரலாற்றுக் காரணமாகும்.

இவ்வாதங்களை வகைப்படுத்தப் புதிய கோட்பாடு எதையும் இறக்குமதி செய்ய வேண்டிய தேவையில்லை. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறியும் காதையில், அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். அளவை என்பது ஓர் அறிவை மெய்யென்று துணிவதற்குரிய வழி. காண்டல், கருதல், உவமம், ஆகமம் முதலாகத் தொடரும் அப்பட்டியலில் சாலையோரத்தில் பயிலாத அளவை ஒன்றிரண்டே என்பது கள ஆய்வில் தெளிவாகும்.

காண்டல் என்பது புலன்களால் நேரே அறிதல். சிக்னலில் சிவப்பு விழுந்த பின்னர் வண்டி கோட்டைத் தாண்டியதைக் காவலர் கண்டார். தாண்டும்போது மஞ்சள்தான் எரிந்தது என்று ஓட்டி கண்டார். இரு காண்டல்கள் மோதும்போது எது வெல்லும் என்னும் நுட்பமான வினாவை, சீருடை அணிந்திருப்பவரின் காண்டலே வெல்லும் என்று நடைமுறை எளிதாகத் தீர்த்துவிடுகிறது. கருதல் என்பது ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உய்த்தறிதல், அதாவது புகையைக் கண்டு நெருப்பை அறிதல். மாற்றப்பட்ட சைலன்சரின் ஓசையைக் கேட்டவுடனே வேகத்தைத் துணியும் காவலர் இவ்வளவையைக் கையாள்கிறார். "சத்தம்தான் சார் அப்படி, வண்டி நாப்பதைத் தாண்டாது" என்று ஓட்டி தரும் மறுப்பு, தருக்க நோக்கில் வலுவுடையதே. ஆயினும் வேகக் குற்றத்திலிருந்து தப்புவதற்காக, 190ஆம் பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் கொண்ட ஒலிக் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொள்வதால் இதனை அறிஞர் எவரும் பரிந்துரைப்பதில்லை.

உவமம் மிகுதியாகப் பயிலும் அளவை. "அவன் போறானே, அவனைக் கேக்க மாட்டீங்களா?" என்னும் வாக்கியம், தமக்கு முன்னே அதே பிழையைச் செய்துகொண்டு நழுவிச் சென்ற ஒருவரைச் சுட்டி, அவருக்கும் தமக்கும் ஒப்புமை காட்டுகிறது. ஒப்புமை மறுக்க முடியாதது என்றாலும், அதன் பயன் இருவரும் குற்றமற்றவர் என்று நிறுவுவதாக இல்லாமல் இருவரும் பிடிபட வேண்டியவர் என்று நிறுவுவதாக முடிகிறது. ஐதிகம் என்பது உலகத்தார் வழிவழியாகச் சொல்வதை மெய்யெனக் கொள்ளுதல். ஒரு மரத்தில் பேய் இருப்பதாக ஊரார் சொல்ல அதனை நம்புதலைக் காப்பியம் இதற்கு எடுத்துக்காட்டுகிறது. ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் வந்து பிடிபட்டவர், "இந்த ரோட்டுல எல்லாரும் இப்படித்தான் சார் வருவாங்க" என்று கூறுவதும் இதே அளவையே. பேயைக் கண்டவரைக் காட்டிலும் இதற்குச் சாட்சிகள் மிகுதி என்பதைக் காவலரும் மறுப்பதில்லை.

ஹெல்மெட் குறித்த வாதங்கள் தனி நூலுக்கு உரியவை. முழங்கையில் மாட்டிய ஹெல்மெட், பெட்ரோல் டாங்கின்மேல் அமர்த்திய ஹெல்மெட், கண்ணாடியில் தொங்கவிட்ட ஹெல்மெட் ஆகிய மூவகையினரும் "ஹெல்மெட் இருக்கு சார்" என்னும் ஒரே வாக்கியத்தை ஆள்கின்றனர், அது உண்மையும்கூட. 129ஆம் பிரிவோ, ஹெல்மெட் தலையில் அணியப்பட வேண்டும் என்பதோடு நில்லாமல், அது வாரால் இறுகப் பிணிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் விளக்குகிறது. இருத்தல் என்பதும் இருக்க வேண்டிய இடத்தில் இருத்தல் என்பதும் வேறு வேறு என்ற நுண்ணிய பிரிவினையைச் சட்டம் வரைந்தவர் அறிந்திருந்தார் என்று இதனால் தெரிகிறது. உரிமத்தைப் பொறுத்தவரை இத்தகைய வாதம் அருகிவருகிறது. கைப்பேசியில் டிஜிலாக்கர் வழியாகக் காட்டும் ஆவணம் 2018 முதல் விதிப்படி செல்லத்தக்கதாகிவிட்டமையால், "வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் சார்" என்னும் தொன்மையான மறுப்பு வழக்கொழிந்து, "சார்ஜ் இல்லை சார்" என்பது அதன் இடத்தைப் பிடித்துள்ளது.

மறுப்பியலின் உச்சம் மீட்சி என்னும் அளவையில் எட்டப்படுகிறது. இராமன் வென்றான் என்று கேட்ட அளவிலேயே இராவணன் தோற்றான் என்று அறிந்துகொள்வது மீட்சி. இளைஞர் இதனைக் கையாளும் முறை வியக்கத்தக்கது. "தப்பு இருந்தா ஃபைன் போட்டிருப்பீங்கல்ல? ஃபைன் போடலன்னா தப்பே இல்லைன்னுதானே சார் அர்த்தம்? அப்புறம் எதுக்கு வார்னிங்?" என்னும் வாதத்தில் குறை காண்பது கடினம். காவலர் தரப்பிலோ, எச்சரிக்கை தரப்பட்டமையாலேயே பிழை உண்டென்பது பெறப்படும் என்னும் எதிர்மீட்சி நிற்கிறது. இவ்விரண்டில் எது சரியென்று நிறுவுவதற்கு ஒரே வழி அபராதம் விதித்துவிடுவதுதான். அபராதம் விதிக்கப்பட்டால் இளைஞரின் முற்கூற்று முழுமையாக மெய்ப்பிக்கப்படுகிறது. எனவே எச்சரிக்கை மறுப்பில் வாதி தருக்க முறையில் வெற்றி பெறும் தருணமும், ஆயிரம் ரூபாய் இழக்கும் தருணமும் ஒன்றாகவே அமைகின்றன. பிற துறைகளில் இத்தகைய வெற்றி அரிது.

நன்னூலில் பவணந்தியார் கூறும் எழுவகை மதங்களுள், அதாவது பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளுள், உடன்படல் முதலாவதாகவும் மறுத்தல் இரண்டாவதாகவும் வைக்கப்பட்டுள்ளன. சாலையோர மரபு இவ்வரிசையை மாற்றி, மறுத்தலை முதலில் நிகழ்த்தி, சலான் இயந்திரம் உறையிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட பின்னரே உடன்படலுக்கு வருகிறது. பவணந்தியாரின் வரிசையே செலவு குறைந்தது என்பதில் ஐயமில்லை.

ஒப்பீட்டு நோக்கில் இங்கிலாந்தின் நிலை கருதத்தக்கது. அங்கே 2002ஆம் ஆண்டின் காவல் சீர்திருத்தச் சட்டத்து 59ஆம் பிரிவின்படி, கவனமின்றி வண்டி ஓட்டிப் பொதுமக்களுக்கு அச்சமோ தொல்லையோ விளைவிப்பவரைச் சீருடைக் காவலர் எச்சரிக்கலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் அப்பிழை மீண்டும் நிகழ்ந்தால் வண்டியைக் கைப்பற்றலாம். அங்கும் எச்சரிக்கையை எதிர்த்து மேல்முறையிடச் சட்டம் தனி வழி வகுக்கவில்லை. ஆயினும் அவ்வெச்சரிக்கைக்கு ஓராண்டு ஆயுள் உண்டு. தமிழ்நாட்டு எச்சரிக்கையின் ஆயுளோ அடுத்த சிக்னல் வரைதான்.

மேல்முறையீடு இல்லை என்று மேலே கூறியதற்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. செய்தி வீட்டை எட்டினால், தந்தை தாமாகவே முன்வந்து வழக்கை விசாரிக்கிறார். ஓட்டியவர் பதினெட்டு வயது நிறையாதவராயின் தந்தையின் அக்கறைக்குச் சட்டக் காரணமும் உண்டு. 199-ஏ பிரிவு அந்நிலையில் பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ குற்றவாளியாகக் கொண்டு, மூன்றாண்டு வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய் அபராதமும் குறிக்கிறது. காவலரிடம் எடுபடாத அளவைகள் அனைத்தும் இங்கு மீண்டும் முன்வைக்கப்படுகின்றன. இங்கு அவை மேலும் விரைவாகத் தள்ளுபடியாகி, வண்டிச் சாவி பீரோவுக்குள் செல்கிறது. இவ்வாறு சாவியை எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டா என்னும் கேள்வி வீட்டில் எழுப்பப்படுவதில்லை.

இறுதியாக, பின்னிருக்கை நண்பரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். வாதத்தின் தொடக்கத்தில் இவர் கைப்பேசியைப் பார்த்தபடி நடுநிலை வகிப்பார், ஓட்டி உடன்படலை எட்டி, காவலரும் மனமிரங்கி, "சரி, கெளம்பு" என்று சொல்லிவிட்ட நிலையில்தான் வாய் திறந்து, "எந்த ரூல்ல சார் இருக்கு?" என்று கேட்பார். காவலர் அப்போதுதான் அவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்க்கிறார். 129ஆம் பிரிவு பின்னால் அமர்ந்து செல்பவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது.