மூழ்கிய ஹெரால்டை வாங்கலாமா?

கேள்வி: 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் மூழ்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று விலைக்கு வருகிறது. தண்ணீர் வடிந்ததும் ஷெட்டில் தள்ளிவிட்டதோடு சரி, அப்புறம் யாரும் தொடவில்லையாம். சின்ன வயதில் அப்பாவோடு போன மாதிரியே ஒரு வண்டி. வாங்கலாமா? (கருங்குழி வாசகர்)

பதில்: வாங்கலாம். ஆனால் கார் விலைக்கு வேண்டாம், காயலான் கடை விலைக்கு வாங்குங்கள்.

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. நம் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே பிறந்த கார் அது. பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியில் 1961 முதல் ஹெரால்டு செய்தார்கள். முடிச்சூர் அதற்குப் பக்கத்து ஊர். பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மூழ்கியிருக்கிறது.

உங்களுக்குச் சாதகமான விஷயத்தை முதலில் சொல்கிறேன். ஹெரால்டுக்கு சேசிஸ் தனி, பாடி தனி. பாடியே பல துண்டுகளாக போல்ட்டில்தான் நிற்கும். கழற்றித் தூக்கி வைத்துவிட்டு, சேசிஸின் மூலைமுடுக்கில் இருக்கும் சேற்றையெல்லாம் கழுவி எடுத்துவிடலாம். அம்பாசடரிலும் பழைய ஃபியட்டிலும் இந்த வசதி கிடையாது. அவற்றில் பாடிதான் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு அரித்துவிட்டால் வண்டியே இடுப்பொடிந்த மாதிரி.

பாதகமான விஷயம், வெள்ளம் நின்றது சில நாள்தான், அது விட்டுப்போன சேறு நின்றது பல வருஷம். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் அந்தச் சேறு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தகட்டைத் தின்றிருக்கும். வடிந்த வாரமே கழுவி, ஆயில் மாற்றி வைத்திருந்தால் வேறு கதை. ஆகவே எத்தனை அடி தண்ணீர் என்று விற்பவரிடம் கேட்பதைவிட, வடிந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. எஞ்சின் சாமான் பலவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துவிடலாம். பின்கதவு அழுகியிருந்தால் எந்த நாட்டிலும் புதுசு கிடைக்காது. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகள் சேற்றில் அடைத்திருக்கும், அங்கேதான் அழுகல் தொடங்கும். போனதும் பானெட்டைத் தூக்காதீர்கள், பின்கதவின் அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள்.

கேள்வி: பார்க்கப் போகும்போது என்னென்ன எடுத்துப் போகவேண்டும்? (மதுராந்தகம் வாசகர்)

பதில்: ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர். பணம் வேண்டாம், அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

சில வருஷம் முன்னால் ஓர் அம்பாசடரைப் பார்க்க, உங்கள் ஊர் டிங்கர் பெரியவர் ஒருவரை அழைத்துப் போனேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. அவர் பானெட்டுப் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மிதியடியைச் சுருட்டினார். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங்... கிளட்ச் பெடலுக்குக் கீழே 'பொத்' என்றது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி மெல்ல அழுத்தினார். பிடிவரைக்கும் இறங்கியது. வெளியே எடுத்தபோது நமுத்த அப்பளம் மாதிரி துரு ஒட்டிக்கொண்டு வந்தது. "தம்பி, இங்க பட்டிதான் நிக்குது, வண்டி இல்ல" என்றார். கிளம்பி வந்துவிட்டோம்.

கேள்வி: வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதையே மறைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? (அச்சரப்பாக்கம் வாசகர்)

பதில்: கழுவுகிறவர் கை எட்டாத இடத்தில் கண்ணை வையுங்கள். ஹெட்லைட் கிண்ணத்தின் உட்புறம், டேஷ்போர்டுக்குப் பின்னால், சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட் தலைகள், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம். வண்டல் காய்ந்த மெல்லிய கோடு ஒன்று எங்கேயாவது நிற்கும். பழைய வண்டிகளின் சீட்டுக்குள் தென்னை நார் இருந்தால் முகர்ந்து பாருங்கள், ஒருமுறை ஊறிய நார் அந்த வாடையை விடாது. மற்றதெல்லாம் பழசாக இருக்க, கார்ப்பெட் மட்டும் புதுசாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே வெள்ளத்தில் மூழ்கியது என்று குறித்துவிடுகிறார்கள். நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு வரி கிடையாது. ஸ்க்ரூடிரைவரைத்தான் நம்பவேண்டும்.

கேள்வி: ஒரே ஒருதரம் செல்ஃப் அடித்துப் பார்த்தால் என்ன? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: அந்த ஒருதரம்தான் எஞ்சினைக் கொல்லும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், வளைவது கனெக்டிங் ராடுதான்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அடுத்து ஸ்பார்க் பிளக் நாலையும். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள், ஆயில் டீ நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முழுக்க வடித்துவிடுங்கள். கியர் பாக்ஸையும் கிரவுன் ஆயிலையும் மறந்துவிடுகிறவர்கள் அதிகம், அவற்றுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றுங்கள். அம்பாசடருக்கு ஹேண்டில், மற்ற வண்டிக்குக் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர். அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், ஹெட்டைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவாமல் எஞ்சினைக் கிளப்பவும் வேண்டாம். பெட்ரோலுக்கு அடியில்தான் தண்ணீர் தங்கும்.

கேள்வி: கடலோரம் நின்று, உப்புத் தண்ணீர் ஏறிய வண்டி? (மாமல்லபுரம் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. ஏரித் தண்ணீரைக் கழுவிவிடலாம். உப்பு தகட்டின் மடிப்புக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு ஈரக் காற்றுக்கும் மறுபடி வேலையைத் தொடங்கும். உங்கள் ஊர் மீனவரைக் கேளுங்கள், கரையேறியதும் படகு எஞ்சினை ஏன் நல்ல தண்ணீரில் அலசுகிறார் என்று சொல்வார்.

கேள்வி: வெள்ளத்தைப் பழைய கார் தாங்குமா, புதுக் கார் தாங்குமா?

பதில்: உடனே கவனித்தால் பழையதுதான். அதில் மூளை கிடையாது. ஒயர்களைக் கைவிரலால் எண்ணித் தொடரலாம், முழுவதையும் உருவிப் புதிதாகப் போடலாம். இன்றைய காரில் கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஏர்பேக் இணைப்புகளும் ஈரமானால், ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டி, கம்பெனியே முழு நஷ்டம் என்று எழுதிவிடும்.

கேள்வி: ஹெரால்டுக்கு 'விண்டேஜ்' நம்பர் வாங்கிவிட்டால் வரி, எஃப்.சி. தொல்லை போய்விடும் என்கிறார்களே? (மேல்மருவத்தூர் வாசகர்)

பதில்: அது போகிறதோ இல்லையோ, வண்டி ஓட்டும் சுகம் போய்விடும். 2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜாகப் புதிதாகப் பதிந்தால் 'வி.ஏ.' எழுத்தோடு தனி நம்பர் உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பராமரிக்க என்று மட்டுமே ரோட்டுக்கு எடுக்கலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறியிருக்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மதுராந்தகம் ஏரிக்கரைக்குப் போய்வர ஆசையென்றால், எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கும் சாதாரண ஆர்.சி.யே வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் பொறித்த நம்பரும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்.சி.யே வெள்ளத்தில் போய்விட்டது என்றால், நகல் வாங்கித் தருவது விற்பவர் வேலை. காகிதம் இல்லாத கார் கார் ஆகாது, சாமான்தான்.

கேள்வி: ஏரிக்கு அடியில் கிடந்த கார் ஒன்று ஏலத்தில் கோடியைத் தாண்டியதாமே!

பதில்: உண்மை. இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மஜ்ஜோரே ஏரியிலிருந்து 1925ஆம் வருஷத்து புகாட்டி ஒன்றை 2009இல் தூக்கினார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் அடியில் கிடந்தது. மறு வருஷம் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது. ஆனால் கலிஃபோர்னியாவில் இருந்த முலின் மியூசியம் அதை வாங்கி, துருவும் ஓட்டையுமாக அப்படியே பார்வைக்கு வைத்தது. ரிப்பேர் செய்யவே இல்லை. அந்தக் கதைக்குக் கொடுத்த விலை அது. நம் ஹெரால்டுக்கு யாரும் அப்படிக் கொடுக்கமாட்டார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வேலைக்கு அச்சாகப் பொருந்தும். டிங்கரிங், பெயிண்ட், குஷன், குரோமியம் என்று போட்ட பணம் விற்கும்போது திரும்பாது. லாபத்துக்கு வாங்குவதாக இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி: கருங்குழியிலிருந்து ஹெரால்டு பற்றி உங்களுக்கு எழுதியவர் என் கணவர்தான். சொல்லியும் கேட்கமாட்டார். எப்படித் தடுப்பது?

பதில்: தடுக்காதீர்கள் அம்மா, கூடப் போங்கள். அவர் கண்ணுக்கு அவருடைய அப்பாதான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பார், தகடு தெரியாது. ஸ்க்ரூடிரைவர் உங்கள் கையில் இருக்கட்டும். சேசிஸும் நாலு கதவும் 'டங்' என்று சொன்னால் சம்மதியுங்கள், எஞ்சின் வேலையை ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்ளலாம். ஷெட்டுக்கு மட்டும் இப்போதே மேடான இடமாகப் பார்த்து வையுங்கள்.