38-ஆம் இடமும் பச்சை மையும்

உலகப் புத்தாக்கக் குறியீடு என்று ஒன்று ஆண்டுதோறும் ஜெனீவாவிலிருந்து வருகிறது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் தயாரிப்பு. 2015-இல் 81-ஆம் இடத்தில் இருந்த இந்தியா 2025-இல் 38-க்கு ஏறிவிட்டது. சந்தோஷம். ஆராய்ச்சிக்குச் செலவாவது நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம் (2020-21 கணக்கு) என்ற இன்னொரு எண்ணுக்கு மட்டும் வாழ்த்துச் செய்தி போட ஆள் கிடைப்பதில்லை.

இந்தக் குறியீட்டுக்கு அளவுகோல்கள் ஏறக்குறைய 80. காப்புரிமை, ஆராய்ச்சியாளர் எண்ணிக்கை எல்லாம் சரி. இடையில் சில ஆண்டுகள் மக்கள் யூடியூபில் ஏற்றிய வீடியோக்களையும் சேர்த்து எண்ணினார்கள். வத்தக்குழம்பு வைப்பதைப் படம்பிடித்துப் போட்ட அத்தைமாரெல்லாம் தேசத்தை உயர்த்தியவர்களே!

அரசின் இணையச் சேவைக்கும் அதில் மதிப்பெண் உண்டு, அது ஐ.நா. கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. மதிப்பிடுகிறவர்கள் அரசு இணையதளங்களைத் திறந்து பார்த்து, வசதி இருக்கிறதா இல்லையா என்று குறிக்கிறார்கள். இணையத்தில் விண்ணப்பித்ததையே அச்செடுத்து, ஆதார் ஜெராக்ஸ் இரண்டு வைத்து, பச்சை மையில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கவுன்ட்டரில் நிற்பவர் அவர்கள் கண்ணில் பட வழியில்லை. “சர்வர் டவுன், நாளைக்கு வாங்க சார்” என்பதற்கும் கட்டம் கிடையாது.

தொழில் செய்ய எளிதான நாடுகள் என்று உலக வங்கியும் ஒரு பட்டியல் போட்டுவந்தது. தரவுகளில் முறைகேடு வெளிப்பட்டதும் 2021-இல் கடையைக் கட்டிவிட்டார்கள். அதில் இந்தியா கடைசியாக வாங்கிய இடம் 63.